முறைப்பாடு இல்லாத மூன்று மணித்தியாலம்

பனி அள்ளுகிற கொம்பனியில் போன் எடுக்கிறவளுக்கு முதல் கிழமையே ஒன்று விளங்கிவிடும்: வானத்தில் இருந்து விழுவதெல்லாம் அவளுடைய குற்றம்.

உங்களில் யாராவது போனுக்கு இந்தப் பக்கம் இருந்து ஏச்சு வாங்குகிற உத்தியோகம் பார்த்திருந்தால், கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மகள் இப்போதுதான் நித்திரையானாள். அவளுக்கு ஒன்பது மாதம்.

கியூபெக்கில் இருக்கிற எங்கள் கொம்பனி சின்னது. முதலாளி தேவன் அண்ணை, மூன்று ட்ராக்டர்கள். ஒன்றை அவரே ஓட்டுவார், ஒன்றை லூக் என்கிற வயதான கியூபெக்காரர், மூன்றாவதை என் கணவர். நகரத்துக்கு மேற்கே, கர்க்லாண்ட் பக்கத்து வீடுகளில் கார் விடுகிற டிரைவேயில் விழும் பனியை ட்ராக்டரின் வாயால் அள்ளி, குழாய் வழியாக அந்தந்த வீட்டுப் புல்தரை மேலேயே வீசிவிட்டு வருவதுதான் தொழில். இலையுதிர் காலத்திலேயே ஒவ்வொரு டிரைவேக்கும் இரண்டு பக்கமும் கொம்பனித் தடி நட்டுவிடுவார்கள். தடியில் ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த நம்பர் அடிப்பது நகரத்துக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், என்னுடைய குசினி மேசையில்.

கொன்வென்ற்றில் படித்தவள் என்பதற்காகத்தான் தேவன் அண்ணை என்னை வேலைக்கு எடுத்தார். அங்கே சிஸ்டர் எங்களுக்குப் போனில் கதைக்கப் பழக்கியது கரும்பலகை துடைக்கிற டஸ்ரரைக் காதில் வைத்துத்தான். மூன்றாம் தரம் மணி அடிக்கும்போது எடுக்க வேண்டும், முகத்தில் சிரிப்போடு கதைக்க வேண்டும், மற்றவர் வைத்த பிறகுதான் நாங்கள் வைக்க வேண்டும். எல்லாம் நன்றாகப் படித்தேன். ஆனால் டஸ்ரர் எங்களைப் பார்த்து ஒரு நாளும் கத்தியதில்லை.

கூரையில் யார்?

இந்த வருடத்துப் பெரும் பனிப்புயல் தொடங்கிய அன்று பின்னேரம் ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. இவர் ட்ராக்டருக்கு டீசல் அடித்து ஆயத்தப்படுத்தப் போயிருந்தார். நான் மகளுக்குச் சோறு மசித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். பேந்து எதையோ பாரமானதை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி 'சர்ர்ர்' என்று நீளமாக. பேந்து ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் எனக்குக் கூடப் பயம்.

நான் பிரிட்ஜ் உறுமினாலே செபமாலையைத் தேடுகிறவள். எங்களுக்கு மேலே வீடு கிடையாது, கூரை மட்டும்தான். மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு தேவன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, கூரையில ஆரோ நடக்கினம்" என்று கிசுகிசுத்தேன். மற்றப் பக்கத்தில் அவர் சிரிப்பை அடக்குவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அது கூரையில கிடந்த பனி சறுக்கி விழுந்தது, தங்கச்சி. இந்தக் குளிருக்கை ஒரு கள்ளன் வந்திருந்தானெண்டா அவன் பாவம், உள்ளுக்கை கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுங்கோ."

நன்றி, மதாம்

இவர் வெளிக்கிட்டது விடியப்புறம் இரண்டு மணிக்கு. ஐந்து மணிக்கு நான் எழும்பிப் பார்த்தால், இவருடைய போனுக்கு சார்ஜ் ஏற்றுகிற வயர் குசினி மேசையில், மகளின் பால் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன் எடுத்தேன். ஒரு தரம்கூட அடிக்கவில்லை, நேரே செய்தி விடச் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீடும் இல்லை, தெருவும் இல்லை, வெள்ளை மட்டும்தான் இருந்தது. ரேடியோ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது: பள்ளிக்கூடங்கள், மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கார்டெரி, டோர்வலில் விமானங்கள். துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கின்றனவாம். பெரிய கொம்பனிகள் தங்கள் ட்ராக்டர் எங்கே நிற்கிறது என்று திரையிலேயே பார்க்குமாம். எங்களிடம் இருந்தது ஒரு கொப்பி. அதில் வீடுகள், ட்ராக்டர் போகிற ஒழுங்கில்.

ஆறரைக்கு முதல் முறைப்பாடு வந்தது. இருபத்து மூன்றாம் வீட்டு மதாம். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: எங்கள் ட்ராக்டர்காரன் தன்னுடைய சீடர் மர வேலியின் மேல் பனியை மலை மாதிரிக் குவித்துவிட்டுப் போகிறானாம். "எப்போது, மதாம்?" என்று கேட்டேன். "இப்போதுதான். பக்கத்து வீட்டில் நிற்கிறான்." "ஆள் எப்படி இருக்கிறார்?" "யார்?" "ட்ராக்டர் ஓட்டுகிறவர்." "நான் மரத்தைப் பற்றிக் கதைக்கிறேன்!" எனக்கோ ஒரே சந்தோசம். இவர் உயிரோடு, இருபத்து நான்காம் வீட்டில், ஒழுங்காக எல்லாரையும் கோபப்படுத்திக்கொண்டு நிற்கிறார். "மிக்க நன்றி, மதாம்! மிக்க மிக்க நன்றி!" என்றேன். மதாம் தன் மரத்தையே மறந்துபோனார்.

"முப்பது வருடமாகப் பனி அள்ளுகிறவர்களோடு சண்டை பிடிக்கிறேன். முறைப்பாட்டுக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை இன்றைக்குத்தான் சந்திக்கிறேன்."

கோலம் போன இடம்

அன்று தைப்பொங்கலும். நாங்கள் வேதக்காரர், ஆனால் இவருடைய பாதையில் இருபத்தெட்டாம் வீட்டு வாசுகி அக்கா முதல் நாளே போன் எடுத்துச் சொல்லியிருந்தா: "சூரியன் வருதோ இல்லையோ, நான் வெளியிலதான் பொங்குவன். ஏழரைக்கு முதல் அள்ளித் தந்திட வேணும்." இவர் ஏழு மணிக்கே அள்ளிக் கொடுத்துவிட்டார். அக்கா கராஜ் வாசலுக்கு முன்னால் அரிசிமாவில் கோலம் போட்டு, மஞ்சள் குங்குமமும் வைத்து, டிரைவேயின் இரண்டு பக்கமும் கரும்பு நட்டுவிட்டு, காஸ் அடுப்பையும் பானையையும் எடுத்துவர உள்ளே போயிருக்கிறா. பானைக்குள் பாலை ஊற்றிக்கொண்டு பத்து நிமிசம் மினக்கெட்டுவிட்டா. அந்தப் பத்து நிமிசத்தில் பனி கோலத்தை மூடிவிட்டது.

புயல் நாளில் போகிற வழியில் ஒரு டிரைவே திரும்பவும் வெள்ளையாகக் கிடந்தால் இன்னொரு தரம் இழுத்துவிட்டுப் போ என்பது தேவன் அண்ணையின் கட்டளை. அடுத்த தெருவை முடித்துக்கொண்டு அந்த வழியால் வந்த இவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். கோலம், குங்குமம், ஒரு பக்கத்துக் கரும்பு எல்லாம் ட்ராக்டரின் வாய்க்குள் போய், குழாயால் மேலே எழும்பி, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. அக்கா போன் எடுத்து எல்லாம் சொன்னா. "அக்கா, அவர் நிக்கிறாரோ?" என்றேன். "நிக்கிறார், நிக்கிறார். கண்ணாடிக்குள்ளால கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கிறார்." "அக்கா, ஒருக்கா போனை அவரிட்டைக் குடுங்கோவன், தயவு செய்து." அக்கா வெளியே ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. காற்றுச் சத்தம் கேட்டது. பேந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "போயிட்டார், பிள்ளை" என்றா. நான் அழுகிற குரலில் கோலத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அக்காவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாது.

"ஏன் பிள்ளை அழுறாய்? பக்கத்து வீட்டுப் பனியில மஞ்சளும் சிவப்புமா விழுந்து கிடக்கு, நான் போட்டதை விட வடிவா இருக்கு. நீ உன்ர மனுசனை ஏசிப்போடாதை."

அள்ளாத மனிதர்

ஒன்பது மணிக்கு ஒருவர், தன் குப்பை வாளி பனிக்குள் புதைந்துபோனது என்று கத்தினார். அது நாற்பத்து மூன்றாம் வீடு. கொப்பியில் சரி போட்டேன். நாற்பத்து மூன்று வரைக்கும் இவர் சுகம்.

பன்னிரண்டுக்கு ஐம்பத்தோராம் வீட்டில் இருந்து ஒரு தமிழ் அண்ணர் எடுத்தார். பத்து மணிக்கு வரவேண்டிய ட்ராக்டர் இன்னும் வரவில்லையாம், வீட்டுக்கு முன்னால் ஒரு சில்லுத் தடம்கூட இல்லையாம். அவருடைய மனைவி டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. முதல் நாள் பின்னேரம் போனவ, மாற்றுக்கு ஆள் வராததால் இரண்டாவது ஷிப்ட்டும் செய்துகொண்டு அங்கேயே நிற்கிறாவாம். யாரோ காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கினமாம். "எத்தனை மணிக்கு ட்ராக்டர் வரும் எண்டு சரியாச் சொல்லுங்கோ" என்று நின்றார். நான், பாதையெல்லாம் மோசம், ஓட்டுகிறவர் தன்னால் இயன்றதைச் செய்கிறார் என்று என் பாடத்தைச் சொன்னேன். அவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அவ வாறதுக்குள்ளை எப்பிடியும் வந்திடச் சொல்லுங்கோ, தங்கச்சி. நான்தான் காலமை தொடக்கம் முதுகு முறிய அள்ளிக்கொண்டு நிக்கிறன் எண்டு போனில சொல்லிப்போட்டன்."

லூக்கின் பல்

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் இவரைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. மூன்று மணித்தியாலம்! இவருடைய ட்ராக்டர் மூன்று மணித்தியாலம் ஓடினால் ஒரு வேலியாவது சாயும், ஒரு தபால் பெட்டியாவது வளையும். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதாவே, இந்தப் பாழ்பட்ட போன் அடிக்காதா என்று நான் ஏங்கியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மூடிய ட்ராக்டருக்குள் புகை நிரம்பி மயங்கினவர்களைப் பற்றியும், பனிக்கும் பெரிய வாகனத்துக்கும் இடையில் நசிந்தவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிக்குள் மேலும் கீழும் நடந்தேன். அவளுக்கு நல்ல சந்தோசம், அம்மா விளையாடுகிறா என்று.

தேவன் அண்ணைக்கு எடுத்தேன். அவர் மற்ற அந்தத்தில் நின்றார், இடையில் இரண்டு தெரு அடைபட்டுப்போய்க் கிடந்தது. "வழி விட்ட உடன போய்ப் பாக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்றார். அந்தச் சொல்லில் இருந்துதான் அவருக்கும் பயம் என்று எனக்கு விளங்கியது. அடுத்து லூக். அவர் ட்ராக்டர் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்: தான் கையில் உள்ள தெருவை முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போவாராம், நான் மனதைக் குழப்பிக்கொள்ளக் கூடாதாம். "இதுவரைக்கும் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா, லூக்?" என்று கேட்டேன். கிழவர் ஆறுதல் சொல்வதற்காக உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார்.

"நாற்பது குளிர்காலம் ஓட்டிவிட்டேன், மகளே, ஒரு ஆளையும் தொலைத்ததில்லை. ஒரு தரம் என் கட்டுப்பல் மட்டும் தொலைந்தது. அதுவும் ஏப்ரல் மாதம் பனி உருகக் கிடைத்துவிட்டது."

கொப்பியோடு வீடு வீடாக

ஏப்ரல்! நான் கொப்பியை விரித்தேன். நாற்பத்து மூன்று வரைக்கும் இவர் போனது தெரியும், ஐம்பத்தொன்றுக்குப் போகவில்லை என்பதும் தெரியும். இடையில் ஏழு வீடு. போன் எடுக்கிறவள் வாடிக்கையாளருக்குத் தானாக எடுக்கக் கூடாது, எடுத்தால் நித்திரையாய்க் கிடக்கிற முறைப்பாட்டையும் எழுப்பிவிடுவோம் என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை அன்றைக்கு முறித்தேன். கொம்பனிக்கு இருப்பது ஒரே ஒரு லைன். நான் கதைத்தால் மற்ற எல்லாருக்கும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். ஆனாலும் எடுத்தேன்.

ஐம்பது: வரவில்லை. நாற்பத்தொன்பது: வரவில்லை, எப்போது வரும், இது என்ன கொம்பனி, முதலாளி யார். நாற்பத்தெட்டு: வரவில்லை. நாற்பத்து நான்கில் ஒருவர் நான் அவருடைய வங்கி நம்பரைத் திருடப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். நாற்பத்தைந்து: ஓம், அள்ளியாயிற்று. நாற்பத்தேழுக்கு எடுத்தால் எங்கேஜ். திரும்பவும் எடுத்தேன், எங்கேஜ். ஐந்து நிமிசம் விட்டு எடுத்தேன், அப்போதும் எங்கேஜ். இந்தப் புயலுக்குள் அப்படி என்னதான் கதை அந்த வீட்டில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தாறுக்கு அடித்தேன். வயதான ஒரு மதாம், மிகவும் மெல்லிய குரல். ஓம், ட்ராக்டர் காலையில் வந்தது, நன்றாக அள்ளியிருக்கிறது. "உங்களுக்கு அவரைப் பற்றி ஏதாவது முறைப்பாடு இருக்கிறதா, மதாம்? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று கெஞ்சினேன். அவருக்கு என்னை நினைக்கப் பாவமாகப் போய்விட்டது போல.

"இல்லையே, மதாம், எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், கொஞ்சம் பொறுங்கள், ஒன்று யோசித்துச் சொல்கிறேன்."

நாற்பத்தேழாம் வீடு

போனை வைத்த கையோடு மணி அடித்தது. நம்பரைப் பார்த்தேன்: நாற்பத்தேழாம் வீடு. மூன்றாம் தரம் அடிக்கும்வரைக்கும் பொறுக்கவில்லை, சிஸ்டர் மன்னிப்பா. ஒரு ஆண் குரல், இளைப்பாறிய வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திக் கதைக்கிற குரல். முக்கால் மணித்தியாலமாக எடுக்கிறாராம், எங்கள் லைன் எந்நேரமும் எங்கேஜாம். நான் அவருக்கு எடுத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவர் எனக்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பேந்து ஒழுங்காக, முதலில் இருந்து சொன்னார். தன் வீட்டுக்கு முன்னால் ஒரே இடத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று நெடுநேரம் சுத்திக்கொண்டிருந்ததைக் கண்டாராம். கிட்டப் போய்ப் பார்த்தால், பனிக்குள் புதைந்து கிடந்த விளம்பரப் பத்திரிகைக் கட்டு ஒன்றை ட்ராக்டர் விழுங்கி, அள்ளுகிற வாயில் ஆணி ஒன்று முறிந்து, எல்லாம் இறுகிப்போய் நிற்கிறதாம். ஓட்டுகிறவர் நனைந்த கையுறையோடு கீழே குந்தியிருந்து அதைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாராம். விரல்கள் வெளுத்துவிட்டன என்று கண்டு, சட்டைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தாராம். போனைக் கொடுத்தால் ஆள் வாங்க மாட்டாராம். மனைவியின் சொந்த நம்பரும் பாடம் இல்லையாம், அது செத்துப்போன போனுக்குள் கிடக்கிறதாம். கதிரையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மதாம், நான் ஒரு வாடிக்கையாளர், எனக்கு முறைப்பாடு சொல்ல உரிமை உண்டு. உங்கள் ட்ராக்டர்காரர் என் குசினியில் சூப் குடிக்கிறார். கொம்பனி நம்பர் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிப் போனைத் தொட மாட்டேன் என்கிறார். என் முறைப்பாடு இதுதான்: இவர் சுகமாக இருக்கிறார் என்று இவருடைய மனைவிக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை."

கஸ்டமர் லைன்

"உங்கள் முறைப்பாட்டைப் பதிந்துகொண்டேன், மொன்சியூர்" என்று என் வாய் பழக்கத்தில் சொன்னது. அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நான் அழுது முடியும்வரைக்கும் அந்த மனிதர் பொறுமையாக லைனில் நின்றார். பேந்து லூக் புது ஆணியோடு போய்ச் சேர்ந்தார். இவர் ட்ராக்டரைக் கிளப்பி, ஐம்பத்தோராம் வீட்டு அண்ணருக்கு முதுகு முறிய அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்ச வீடுகளையும் முடித்துக்கொண்டுதான் வந்தார்.

இரவு ஏழரைக்குப் படியில் காலடி கேட்டது. இவர் வெளியில் நிற்கிற நேரம் நான் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. விறைத்த கையோடு வருகிறவர் வாசலில் ஒரு வினாடிகூட நிற்கக் கூடாது என்று பயந்தாங்கொள்ளிக்கு ஒரு விசர் எண்ணம். இவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். புருவத்தில் பனி, மீசையில் பனி, சட்டைப் பைக்குள் வாசுகி அக்காவின் கரும்பில் ஒரு துண்டு. மகள் அவருடைய மூக்கைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள். நான் விரல்களைப் பார்த்தேன், பத்தும் சிவப்பு, பத்தும் அசைந்தன. அதற்குப் பிறகுதான் ஏசத் தொடங்கினேன். "ஏன் இஞ்சாருங்கோ, அந்த மனுசன் போனைக் கையில தந்தவரெல்லே? எடுத்து ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, ஒரு குற்றமும் செய்யாத முகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நீர்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுறனீர், அது கஸ்டமர் முறைப்பாடு சொல்லுற லைன், மறிக்கக் கூடாதெண்டு. எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லையே, என்னத்தைச் சொல்லி எடுக்கிறது?"

முறைப்பாடு கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தி, முறைப்பாடு வரவில்லையே என்று மாதாவிடம் முறைப்பாடு செய்த அந்த நாளை அத்தோடு முடித்துக்கொண்டு, வாசல் கதவின் தாழ்ப்பாளை உள்ளே இருந்து இழுத்துப் போட்டேன்.